பேர் வெட்டிய இடாப்பு: இலங்கை ஜனநாயகத்தின் சறுக்கல் மலையகத்தில் தொடங்கிய விதம்

என் அப்பாயி 1947இல் வாக்களித்தார். அப்போது அவருக்கு 22 வயது. அடுத்த வாக்கைப் போட்டது 1994இல். இடையில் 47 வருடம். அவர் ஊரை விட்டுப் போகவில்லை, எந்த வழக்கிலும் சிக்கவில்லை. மலையகத்தில் அதே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடான அதே லயம், வயசாகி வேலையிலிருந்து நிற்கும்வரை அதே கொழுந்து மலை. கேட்டால் ஒரே வரிதான் சொல்வார்: "அப்ப பேரு இருந்துச்சு, அப்புறம் வெட்டிப்புட்டாங்க."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் புரியும். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்தால் வேலை, பேர் வெட்டினால் வேலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. கணக்கப்பிள்ளையின் பேனா செய்கிற வேலை அது. நாட்டின் வாக்காளர் பட்டியலான இடாப்பில் நடந்ததற்கும் அப்பாயி அதே சொல்லைத்தான் வைத்திருந்தார். இந்த ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இலங்கையில் ஜனநாயகம் எப்போது சரியத் தொடங்கியது என்று பேசும்போது சிலர் 1978 அரசியலமைப்பைச் சொல்வார்கள், சிலர் 1972ஐ, இளையவர்கள் 2010ஐ. என் கணக்கில் அது 1948. சுதந்திரம் கிடைத்த அதே வருடம். அன்று தெருவில் இராணுவம் இல்லை, வானொலி நிலையத்தை யாரும் பிடிக்கவில்லை. பாராளுமன்றம் கூடியது, விவாதித்தது, வாக்கெடுத்தது, வர்த்தமானியில் வெளியிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த ஒழுங்கைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பிறகு வந்த ஒவ்வொரு சரிவும் அதே வழியில்தான் போனது.

பேர் இருந்த காலம்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 21 வயது நிறைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. ஆசியாவில் அப்படிக் கொடுத்த முதல் இடங்களில் ஒன்று இது. ஆனால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களுக்கு அது அப்படியே கிடைத்துவிடவில்லை. கண்டிச் சிங்களத் தலைவர்களும் கொழும்புத் தலைவர்களும் எதிர்த்ததால், இங்கேயே நிலையாக வாழ்பவர் என்று காட்டும் நிபந்தனைகள் போடப்பட்டன. ஆகவே சந்தேகம் அன்றே இருந்தது. என்றாலும் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. ஹட்டன் தொகுதியில் பெரி சுந்தரம் அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குத் தெரிவாகி அமைச்சரும் ஆனார்.

1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். தோட்டங்களுக்குள் தொழிற்சங்கம் நுழைந்த காலம் அது. அதுவரை தோட்ட மேலாளரான பெரிய துரையின் சொல்தான் அங்கே சட்டம். வீடு, பாதை, கடிதம், மருந்து எல்லாம் அவர் கையில் இருந்தது. ஒருவர் ஆட்சி என்றால் என்ன என்பதை எங்கள் ஆட்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கத் தேவை இருக்கவில்லை. விடியற்காலை வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் தினமும் பார்த்தார்கள். வாக்குப் பெட்டி ஒன்றுதான் துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே எடை கொடுத்த இடம்.

1947 தேர்தலில் அந்த எடை தெரிந்தது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை போன்ற தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வேட்பாளர்கள் வென்றார்கள். தங்களுக்கு வேட்பாளர் இல்லாத பல தொகுதிகளில் தோட்ட மக்கள் இடதுசாரிகளுக்குப் போட்டார்கள். 95 தொகுதிகளில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 42. தனித்துப் பெரும்பான்மை இல்லை. டி. எஸ். சேனநாயக்க சுயேச்சைகளையும் மற்றவர்களையும் சேர்த்துத்தான் ஆட்சி அமைத்தார். 'இந்தச் சனம் எதிரணியின் பக்கம்' என்பது அந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிந்தது.

மூன்று சட்டங்கள்

முதலாவது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. வெளியே பிறந்தவர் என்றால் தகப்பனும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும். பிறப்புப் பதிவே பரவலாக இல்லாத தலைமுறைக்கு எங்கே போய்ச் சான்றிதழ் தேடுவது? சிங்களக் கிராமத்து விவசாயியின் பாட்டனுக்கும் சான்றிதழ் இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. சட்டத்தில் 'இந்தியர்' என்ற சொல் இல்லை. சொல் இல்லாமலேயே எங்களை மட்டும் குறிபார்க்க முடிந்தது.

அதே சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு உண்டு. நாட்டுக்குச் சிறப்பான சேவை செய்தவர்களை அமைச்சர் விரும்பினால் பிரஜையாகப் பதியலாம், ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் போகக் கூடாது. 1946 குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம், நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதம். நாட்டின் அந்நியச் செலாவணியைத் தலையில் கூடை மாட்டிச் சுமந்தவர்கள். அந்த 25ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

இரண்டாவது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை பற்றியது. மணமானவர் 1946க்கு முன் தொடர்ந்து 7 வருடமும், மணமாகாதவர் 10 வருடமும் இங்கே இருந்ததாக நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். இடையில் ஒரு தடவை 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று ஊருக்குப் போய்த் தங்கியவரும், பிள்ளைப் பேற்றுக்குப் போனவளும் அங்கே விழுந்தார்கள். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை தவணை. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போயின. பத்து வருடத்துக்கு மேல் விசாரித்து முடித்தபோது கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அந்த மனுவின் ரசீது இருக்கிறது. கைக்குட்டை அளவுத் தாள், நான்காக மடித்து மடித்து மடிப்பிலே கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசை தடவிய பேப்பர் ஒட்டு. ஓர் இலக்கம், ஒரு திகதி, ஒரு கையெழுத்து. தாத்தாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து அவர் கைக்கு வரும்போது விசாரணை நாள் தாண்டியிருந்தது. லயத்துக்கு முகவரி இல்லாததால் கடிதம் கந்தோருக்குத்தான் வரும். மனு தள்ளுபடி. பிழை எந்தக் கையில் நடந்தது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்றாவது 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜைக்கு மட்டுமே வாக்கு. இங்கேதான் பேனா இடாப்பைத் தொட்டது.

ஒரு புது நாடு தன் பிரஜை யாரென்று தீர்மானிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். தீர்மானிக்கலாம். ஆனால் இவர்கள் வாசலில் நின்று உள்ளே வரக் கேட்டவர்கள் இல்லை. இடாப்பில் இருந்தவர்கள், முந்தின தேர்தலில் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பியவர்கள். அந்த உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவர்களை அனுப்பிய சனத்தை நீக்கினார்கள். வென்றவர், தனக்குப் போடாதவரை இடாப்பிலிருந்து எடுப்பது என்பது பிரஜாவுரிமைப் பிரச்சினையாக மட்டும் முடிகிற விஷயமா?

தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. கொஞ்சம் நின்று பார்ப்போம். சுதந்திர காலத்துச் சோல்பரி அரசியலமைப்பில் தொகுதிகளைப் பிரித்தது சனத்தொகையையும் நிலப்பரப்பையும் வைத்து: 75,000 பேருக்கு ஒரு ஆசனம், 1000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம். சனத்தொகை என்றால் அங்கே வாழும் எல்லாத் தலையும். பிரஜையா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஆகவே மலைநாட்டு மாவட்டங்களுக்கு ஆசனம் ஒதுக்கும்போது எங்கள் தலைகள் எண்ணப்பட்டன. வாக்களிக்கும் நாளில் நாங்கள் இல்லை. எங்கள் தலைக்குக் கிடைத்த ஆசனங்களை அதே மாவட்டத்தில் வாக்கு உள்ள மற்றவர்கள் நிரப்பினார்கள். ஒரு கண்டித் தொகுதியில் சில ஆயிரம் வாக்குகள் ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்ய, கொழும்பில் அதற்குப் பல மடங்கு வாக்குத் தேவைப்பட்டது.

விளைவு நாடு முழுவதும் பரவியது. பாராளுமன்றத்தில் சிறுபான்மையினர் ஆசனங்கள் குறைந்தன, இடதுசாரிகள் பலம் இழந்தார்கள், பெரிய சிங்களக் கட்சிகள் இரண்டுக்கும் யாரிடமும் கேட்காமல் சட்டம் செய்யக்கூடிய பெரும்பான்மை பக்கத்தில் வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அதற்கான வழி எட்டு வருடம் முன்னே எங்கள் மலையில் வெட்டப்பட்டுவிட்டது.

நீதிமன்றம் சொன்னது

சோல்பரி அரசியலமைப்பில் 29ஆவது பிரிவு என்று ஒரு காவல் இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் வரும்படி சட்டம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். கேகாலைப் பக்கத்தில் கோடாகன் பிள்ளை என்பவர் தன் பேரை இடாப்பில் சேர்க்கக் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். சட்டமே செல்லாது என்றார். ஓர் அரச அதிகாரி அந்தக் காலத்தில் அப்படி எழுதத் துணிந்தது சாதாரணம் இல்லை. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் அந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது. தன் பிரஜைகள் யாரென்று முடிவு செய்வது சட்டசபையின் இயல்பான வேலை, இது ஒரு சமூகத்தைக் குறிவைத்த சட்டமாகத் தெரியவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.

இடையே 1952 ஏப்ரலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கி மாதக்கணக்கில் நடத்தியது. அடுத்த மாதமே பொதுத் தேர்தல். மலையகத் தொகுதி ஒன்றிலிருந்தும் எங்கள் ஆள் போகவில்லை. அடுத்துத் தெரிவாகிப் போனது 1977இல், மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், நுவரெலியா–மஸ்கெலியாவிலிருந்து.

இடைப்பட்ட காலத்தில் வாக்கில்லாதவர் நிலைமை என்னவென்று 1973, 1974 காட்டியது. அரிசி ரேஷன் குறைந்து மாவும் கிடைக்காத அந்த வருடங்களில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. கிராமத்துக்காரர் தன் எம்பியின் வாசலுக்குப் போவார். நாங்கள் யார் வாசலுக்குப் போவது? 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க எடுத்தபோது எதிர்த்தவர்கள் மீது பொலிஸ் சுட்டது. சிவனு லட்சுமணன் இறந்தார்.

கை தூக்கியவர்கள்

1948 சட்டத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இடதுசாரிகள் தெளிவாக எதிர்த்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்து, பிறகு அமைச்சரவைக்குப் போய், இரண்டாம் சட்டத்தை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அந்தக் கட்சியிலிருந்து பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

மனதை அதிகம் உறுத்துவது இடதுசாரிகளின் பின்கதைதான். 1948இல் எங்களுக்காகப் பேசிய கொல்வின் ஆர். டி சில்வாவே 1972 அரசியலமைப்பை வடித்த அமைச்சர். அதில் 29ஆவது பிரிவு காணாமல் போனது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லும் அதிகாரமும் போனது. அரச சேவை நியமனங்கள் அமைச்சரவையின் கைக்கு வந்தன. 1975இல் வரவேண்டிய தேர்தல், புது அரசியலமைப்பைக் காரணம் காட்டி 1977க்குத் தள்ளப்பட்டது. தள்ளிப்போட்ட தேர்தல் நடந்தபோது இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை.

அதே பேனா, வேறு பேர்கள்

1977இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன 168இல் 140 ஆசனங்களோடு வந்தார். 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம், மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வந்து பிறகு நிரந்தரமானது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள்.

அதே 1980 அக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்து, பாராளுமன்றத்திலிருந்தும் நீக்கினார்கள். ஒரு விசேட ஆணைக்குழு, ஒரு தீர்மானம், ஒரு வாக்கெடுப்பு. 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்க முடியவில்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு உட்கார்ந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஒப்பமிட்டவர் அவர். அந்த மீதியைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார் கப்பலில் ஏறியவர்கள் யாரும் கேட்டு வாங்கிய தீர்வில்லை அது. என்றாலும் அவருக்கு நடந்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. போட்டியாளரை இடாப்பிலிருந்து நீக்கும் வித்தை, எங்கள் மீது பழகிய வித்தை, இப்போது நாட்டின் மிகப் பெரிய அரசியல் குடும்பத்தின் மீதே பாய்ந்தது என்பதுதான் விஷயம்.

1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பு அடுத்த படி. பொதுத் தேர்தலுக்குப் பதிலாக, இருக்கிற பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்ற கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். 54.66 வீதம் விளக்குக்கு விழுந்தது. அதற்கு முன் எதிரணிச் செயற்பாட்டாளர்கள் கைதானார்கள், ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்கள் வாங்கி வைக்கப்பட்டன. ஏழு மாதத்தில் தமிழர்களுக்கு எதிரான 1983 கறுப்பு ஜூலை வன்முறை. அன்று எரிந்ததில் மலையகத்துக் கடைகளும் லயங்களும் உண்டு.

எங்கள் பக்கம்

இதைச் சொல்லாமல் விட்டால் எழுதியது பாதிப் பொய்யாகிவிடும். வாக்குரிமை பறிபோன சனத்துக்குப் பிரஜாவுரிமை ஒரு சலுகையாக மாறியது. சலுகையை ஆட்சியில் இருப்பவரிடம்தான் கேட்க முடியும். ஆகவே எங்கள் தலைமைகள் ஆட்சியோடு இருக்கப் பழகின. 1978இல் தொண்டமான் அதே ஜே. ஆர். அமைச்சரவையில் சேர்ந்தார். பலன் கிடைத்ததை மறுக்க மாட்டேன்: 1986, 1988 சட்டங்களால் பல இலட்சம் பேர் பிரஜைகளானார்கள். என் அப்பாயியின் பேர் திரும்ப வந்ததும் அந்த வழியில்தான். 2003இல் மிச்சமிருந்தவர்களுக்கும் சட்டம் வந்தது.

ஆனால் அதற்கு விலை உண்டு. ஆட்சியாளர் அதிகாரத்தைக் குவிக்கும் பல வாக்கெடுப்புகளில் எங்கள் உறுப்பினர்கள் சிலரின் கை அவர் பக்கம் உயர்ந்தது. 2010இல் ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேலும் போட்டியிடலாம் என்ற 18ஆவது திருத்தத்துக்கும் உயர்ந்தது, 2020இல் ஜனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் கூட்டிய 20ஆவது திருத்தத்துக்கும் உயர்ந்தது. வீட்டுத்திட்டம், பாதை, நியமனம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார்கள். லயத்துக் கூரை ஒழுகும்போது காரணத்தை உதறித் தள்ளுவது எளிதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கைகள் எங்கள் கைகள். 20ஆவது திருத்தம் வந்து ஆறு மாதம் ஆனதும் 2021இல் யாரையும் கேட்காமல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. தேயிலைச் செடி மஞ்சளித்தது, கொழுந்து குறைந்தது, நிறை காட்ட முடியாதவர்களுக்குச் சம்பளம் பாதியானது. ஒருவர் கையில் அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் தராசுத் தட்டில் பார்த்தோம்.

பிடித்து நிறுத்திய நாளும் உண்டு

2018 அக்டோபர் 26 இரவு ஜனாதிபதி, பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்தார். நவம்பர் 9 பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13 உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைத்தது சட்டத்துக்கு முரண் என்றார்கள். அந்தத் தீர்ப்பு சும்மா வந்துவிடவில்லை. 2015இன் 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கொஞ்சம் கட்டியிருந்தது, வழக்குப் போட ஆட்கள் இருந்தார்கள், சபைக்குள் பெரும்பான்மை அசையாமல் நின்றது. 1951இல் அந்தத் திருத்தும் அதிகாரி தனியாக நின்றார். 2018இல் நீதிமன்றம் தனியாக நிற்கவில்லை.

சரி, இப்போது? யாரும் யாருடைய பேரையும் வெட்டுவதில்லை. மத்திய மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதற்கு முந்தின வருடம் பெண் பிரதிநிதித்துவத்தைக் கூட்ட என்று வந்த மசோதாவில், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் பகுதிகள் சேர்க்கப்பட்டன. புது முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. ஆளுநர் நடத்துகிறார். ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று நின்று, 2025 மே மாதம்தான் நடந்தது. மாகாண சபைத் தேர்தல் அப்போதும் நடக்கவில்லை.

என் மகளுக்கு 18 வயது நிறைந்தது 2015இல். அவள் பேர் இடாப்பில் ஒழுங்காக இருக்கிறது, கிராம சேவகர் கொடுக்கும் படிவத்தை அவள்தான் வீட்டில் நிரப்புகிறாள். பாராளுமன்றத்துக்கும் ஜனாதிபதிக்கும் வாக்களித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இல்லை, தோட்டத்து வைத்தியசாலைக்கு மருந்தாளர் இல்லை என்று மனு எழுதிக்கொண்டு திரிகிறவள் அவள்தான். அதையெல்லாம் கேட்க வேண்டிய மாகாண சபைக்கு இன்னும் ஒரு தடவைகூட அவள் வாக்களித்ததில்லை. மனுவின் பிரதியைத் தகரப் பெட்டியில் தாத்தாவின் ரசீதுக்கு மேலே வைத்திருக்கிறாள். அனுப்பிய திகதியை மூலையில் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறாள்.